இன்னொருவன் தொப்பி

தொப்பி தலைக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. ஜுசேலியா கவனித்தாள், யோசிக்கவில்லை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த உடம்பு. எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடும்.

அலகோவாஸில் உள்ள அந்த ஆலையில் ஆவி வால்வு அவள் பொறுப்பு. வயலிலிருந்து வரும் கரும்புச் சோகையை இரும்பு உருளைக்குள் அடைத்து, ஆவி ஏற்றி, அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிட்டால் அது நார் நாராகப் பிளந்து கூழாகிக் கீழ்த்தொட்டியில் விழும். அப்புறம் நொதி சேர்த்துச் சர்க்கரையாக்குவார்கள். இந்த மதியமும் மூடியை மூடி, ஆவியை விட்டு, கூழையும் இறக்கியாயிற்று. வெல்லம் தீய்கிற வாசனை வந்தது, அதற்குள் வேறு ஏதோ ஒன்றும் தீய்ந்தது.

தொப்பி நெற்றியில் நழுவியது. உள்ளே ஈரம். அவளுடைய வியர்வை அல்ல. அவள் தொப்பி இடுப்பில் செருகியிருந்தது.

உருளைக்குள் அடைத்துக்கொண்ட சோகையைச் சுரண்ட இறங்குகிறவன் தன் தொப்பியை வால்வுச் சக்கரத்தில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அது தொங்கும்வரை யாரும் வால்வைத் தொடமாட்டார்கள். வால்வுக்குப் பூட்டு கொடுத்திருந்தார்கள், அதை யார் மதித்தார்கள்? அவள் அந்தச் சக்கரத்திலிருந்துதான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். எட்டிப் பார்க்காமல் மூடியை மூடினாள்.

சுரண்டுகிறவன் எரால்டோ. தங்கை இவோனெச்சியின் புருஷன். தங்கைக்கு நிறைமாதம்.

வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"எரால்டோ, எங்கடா இருக்க?"

கரகரப்பு. வெகுநேரம்.

"கீழதான் மதினி. மேல வர்றேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பாவி, உயிரே போயிடுச்சு எனக்கு. தொப்பிய மாட்டிட்டு எங்க போய்த் தொலைஞ்ச?"

"ரொம்ப அசதியா இருக்கு மதினி. உங்க பக்கத்துல கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

தொட்டியிலிருந்து ஏறி வரும் படியில் காலடி கேட்டது. ஈரமாக. மெத்தென்று. பூட்ஸ் சத்தம் இல்லை.

அவள் திரும்பவில்லை.

அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு அமுங்கியது. சூடு தோளில் பட்டது. பழுப்பு நிறக் கை ஒன்று அவள் பக்கத்தில், நார் நாராகப் பிரிந்து, ஆவி பறக்கக் கிடந்தது.

"இவோனெச்சிகிட்ட சொல்லாதீங்க," என்றான். "பயந்துடுவா."

வெல்ல வாசனைக்கு ஜன்னல் வழியாகத் தேனீக்கள் வந்தன. ஒன்று. பிறகு கொத்தாக. அவன் கன்னத்தில் உட்கார்ந்தன. கண்ணில். உதட்டில்.

அவன் ஓட்டவில்லை. களைப்பாக வாயைத் திறந்தான். அவை உள்ளே போயின.