சட்டைப் பையில் இருந்த பியூஸ்

பியூஸ் அவளுடைய சட்டைப் பையில் இருந்தது. இருந்தும் கார் டிக்கிக்குள் ஆம்ப்ளிஃபையரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டிக் கொடுக்கும் அந்தக் கடைக்காரி பையைத் தடவிப் பார்த்தாள். விரல் நீளத்துக்குக் கெட்டியாக, அங்கேயேதான் இருந்தது. வேலை எல்லாம் முடிந்து, கடைசித் திருகாணியையும் முறுக்கி, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பியூஸை மாட்டுவது அவள் வழக்கம். பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி அதற்கென்று ஒரு கூடு உண்டு. பியூஸ் அதற்குள் போய் உட்காரும்வரை பின்னால் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயர் வெறும் கொடிக்கயிறுதான். தொடலாம், இழுக்கலாம், துணிகூடக் காயப்போடலாம்.

"மிச்சக் கரண்டா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆம்ப்ளிஃபையர் வயிற்றுக்குள் கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயரை அவிழ்த்த பிறகும் சிறிது நேரம் விளக்கு மினுங்கும். ஆனால் இது அட்டைப்பெட்டியிலிருந்து இன்று மத்தியானம்தான் வெளியே வந்தது. இன்னும் ஒரு வாய் மின்சாரம் குடித்ததில்லை. பிடித்து வைக்க அதனிடம் என்ன இருக்கிறது?

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்தான், ஆனாலும் தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. பாதி இறக்கிய ஷட்டரின் மேல் தண்ணீர் அடிக்கும் சத்தத்தில், கொக்கியில் தொங்கிய கைவிளக்கு லேசாக ஆடி, காரின் நிழலைச் சுவர்மேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

காரைக் கொண்டுவந்தவன் அந்நியன் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கடையையும் அவளையும் நாலு வயது மகளையும் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனானே, அவனேதான். சிலருக்கு வெட்கம் என்பதே கிடையாது. "வயர் போற அந்த ஓட்டைக்குள்ள உன் கைதான் போகும், வேற எவன் கையும் போகாது" என்று பல்லைக் காட்டிக்கொண்டே சாவியை மேஜையில் போட்டுவிட்டுப் போனான். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் நினைவில் வைத்துக்கொண்டது அவள் மணிக்கட்டின் சுற்றளவு மட்டும்தான்.

முகத்தில் அடித்தாற்போல் போகச் சொல்லியிருப்பாள். சொல்லாததற்குக் காரணம் குண்டூசி. எலும்பும் துறுதுறுப்புமாக வளர்ந்த மகளுக்குக் கடையில் வைத்த பெயர் அது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டால் ஞாயிறுவரை அப்பா வீடு என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். இனிமேல் அவள் போகப்போவது இந்தக் காரின் பின்சீட்டில். அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில்தான் கட்டைவிரல் தடிமனுக்கு வயர் ஓடும். வேறு கடையில் கொடுத்தால் அவசரத்துக்குப் பியூஸ் இல்லாமல் விடுவான். இன்ஜினுக்கும் உட்காருமிடத்துக்கும் நடுவிலிருக்கும் தகட்டில் வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடாமல் விடுவான். கார் குலுங்கக் குலுங்க அந்தத் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுக்கும். ஒரு நாள் செம்பு தகட்டைத் தொடும். அப்புறம் அது வயர் இல்லை, பழுக்கக் காய்ந்த கம்பி. அதனால் வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு அவளே செய்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள்.

பேட்டரியின் முனையை ஸ்பேனரால் தளர்த்திக் கழற்றினாள். டிக்கிக்கு வந்து பார்த்தாள். பச்சை.

மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு வோல்ட் காட்டியது. மீட்டரைத் தட்டி மறுபடி வைத்தாள். பன்னிரண்டுதான்.

அப்போதுதான் அந்த இரைச்சல் காதில் விழுந்தது, காதில்கூட இல்லை, பல்லில். ஸ்பீக்கர்களிலிருந்து பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், தூங்குகிற யாரோ மூச்சை இழுத்து விடுவதுபோல் ஏறி, நின்று, இறங்கியது. மழையின் ஈர வாசனைக்கும் புது சீட்டுத்துணியின் பசை வாசனைக்கும் அடியில் இன்னொரு வாடை கிடந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தூக்கத்தில்கூட எழுந்து உட்காரும் வாடை அது. தோல் கருகும் வயரின் வாடை.

அவள் முன்பக்கம் போனாள். வயர் நுழையும் ஓட்டைக்குக் கீழே, பெடல்களுக்கு நடுவில், ரப்பர் வளையம் கிடந்தது. அவள் தன் கையால் அழுத்திப் பொருத்திய வளையம். அறுந்திருக்கவில்லை. நான்கைந்து இடங்களில் சின்னச் சின்னதாகக் கடிபட்டிருந்தது.

எலி, என்று நினைத்தாள். எலிதான் என்று இன்னொரு முறையும் நினைத்துக்கொண்டாள்.

கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைப் பெயர்த்தாள். சாணுக்கு ஒரு கட்டுப்போட்டு அதற்கடியில் ஓடவிட்டிருந்த சிவப்பு வயர் அங்கே இல்லை. கட்டுகள் மட்டும் அவிழாமல், அறாமல், வெறும் வளையங்களாக வரிசையில் இருந்தன.

பின்சீட்டுக்கு முன்னாலிருந்த புதுத் தரைவிரிப்பைத் தொட்டாள். சூடாக இருந்தது. விளிம்பைப் பிடித்துக் கிழித்து விலக்கினாள்.

அடியில் தகடு முழுக்கக் கருப்பு. பெயிண்ட் பொரிந்து, கரி படிந்து, எரிந்த தகடு. அந்தக் கருப்புக்கு நடுவில் இரண்டு இடங்களில் மட்டும் காரின் பழைய வெள்ளைப் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. இரண்டு பாதங்கள். அவள் உள்ளங்கைக்குள் அடங்கும் பாதங்கள். தீ பிடித்து எரிந்து முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையாத பாதங்கள். அவள் போட்ட சிவப்பு வயர் அந்த இரண்டையும் சுற்றி, கணுக்காலில் கட்டுவதுபோல் வளைந்து கிடந்தது.

ஷட்டருக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா?" குடையை மடக்கிக்கொண்டே அவன் உள்ளே வந்தான். பின்னால் மழைக்கோட்டுக்குள் குண்டூசி, முதுகில் பை.

"அம்மா, இன்னிக்கு என் பல்லு ஆடுது!"

"கிட்ட வராதே. அங்கேயே நில்லு."

பிரிந்ததிலிருந்து அவனைக் கூப்பிட அவளிடம் சொல் எதுவும் மிச்சம் இல்லை. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. பழைய ‘ஏங்க’ நாக்கில் வராது. அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"இந்தக் காரு எங்க வாங்கினது?"

"ஏன், வாங்கினா என்ன?"

"உள்ள தீப்பிடிச்சிருக்கு."

"ஓ, அதுவா. ஏதோ சின்னதா பிடிச்சுதாம். சீட்டு, துணி, வயர் எல்லாம் புதுசா மாத்திக் கொடுத்துட்டாங்க."

"தெரிஞ்சேதானா?"

"அதான் மாத்திட்டாங்கன்னு சொல்றேனே!"

"பின்சீட்டுல யாரு இருந்தது?"

அவன் மேஜையிலிருந்து சாவியை எடுத்து விரலில் சுற்றினான். அவளுக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். வீட்டைவிட்டுப் போவதற்கு முந்தைய மாதம் முழுக்க அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் திறந்திருந்த பானட்டுக்குப் போனாள். இன்னொரு முனையையும் கழற்றினாள். பிடிக்கும் பட்டையை அவிழ்த்தாள். பேட்டரியை அப்படியே தூக்கி, இடுப்பு ஒடிய நடந்து, மேஜைமேல் தொப்பென்று வைத்தாள்.

"என்ன பண்றே நீ?"

"குழந்தை இதுல வராது. பஸ்ல கூட்டிட்டுப் போகட்டும்."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நான் நல்லா இருக்கறது பொறுக்கல உனக்கு."

"நல்லா இருக்கற லட்சணம் அங்க தரையில இருக்கு, போய்ப் பாரு!"

"உன் பொறாமைக்குக் குழந்தையை எதுக்கு இழுக்கறே?"

"நானா இழுக்கறேன்? விட்டுட்டு ஓடினது நானா?"

பிறகு எப்போதும் நடப்பது நடந்தது. பழைய கணக்குகள் வந்தன. அவன் அம்மா சொன்னது, இவள் தம்பி செய்தது, யார் முதலில் கை ஓங்கியது. இரண்டு வருஷமாக ஆறாமல் வைத்திருந்ததையெல்லாம் ஆளுக்கு ஆள் எடுத்து வீசினார்கள். குழந்தையின் தலைக்கு மேலேயே கத்திப் பழகியவர்கள். கத்தும்போது குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பழகாதவர்கள்.

"அம்மா, இங்க கதகதப்பா இருக்கும்மா."

குரல் ஷட்டர் பக்கத்திலிருந்து வரவில்லை.

குண்டூசி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கத்தல் கேட்டால் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வது அவள் வழக்கம். அதை இவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். நனைந்த ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். வெறுங்கால்கள் கீழே, கிழிந்த விரிப்புக்குள் இறங்கியிருந்தன.

"இறங்குடி! காலைத் தூக்கு!"

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மெதுவாக.

நான்கு பூட்டுகளும் ஒரே நேரத்தில் விழுந்தன.

அவன் சாவியை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். "என்னடி பண்ணி வச்சிருக்கே?" என்றான். இழுத்துக்கொண்டே இருந்தான். அவன் குரலில் அவள் முதல்முறையாகப் பயத்தைக் கேட்டாள்.

பேட்டரி மேஜைமேல் இருந்தது. பியூஸ் அவள் பையில் இருந்தது. சாவி அவன் கையில்.

இன்ஜின் உறுமியது.

திறந்த பானட்டுக்குள் அவள் பார்த்தாள். பேட்டரி இருந்த இடம் காலி. சிவப்பு வயரின் முனை காற்றில் தொங்கியது. எதையும் தொடவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்களில் அந்த மூச்சு. இப்போது தூங்குகிற மூச்சு இல்லை.

"ஏங்க!" என்று அலறினாள். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சொல் வந்தது. "கண்ணாடியை உடைங்க! உடைங்க!"

அவளே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினாள். கையை ஓங்கினாள்.

கண்ணாடிக்குள் புகை மெல்லிய நூலாகக் கீழிருந்து எழுந்தது. குண்டூசி அழவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து ஆடும் பல்லைக் காட்டிச் சிரித்தாள். பிறகு ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னொருத்தர் உட்கார இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.