மூடியின் அடியில் ஈரம்

கிண்ணத்தின் மூடியைத் திறந்தபோது அடியில் ஈரம் இல்லை.

ஷிஹோவால் நம்ப முடியவில்லை. சோறு சுடச்சுட இருந்தது. மூடியை எடுத்ததும் ஆவி எழுந்து அவள் மூக்குக்கண்ணாடியை மறைத்தது. ஆனால் கவிழ்த்துப் பிடித்த மூடியின் உட்பக்கம் அலமாரியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோலக் காய்ந்து கிடந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

ஓர் ஆண்டாக ஒரு மாலைகூடத் தவறாமல் அவள் அந்தத் தட்டை வைத்துவந்தாள். தூரப் பயணம் போனவனுக்கு வீட்டில் எடுத்து வைக்கிற சாப்பாடு அது. நிழல் தட்டு என்பார்கள். அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் தட்டை வைத்து, சோற்றுக் கிண்ணத்தை மூடி, சற்றுப் பொறுத்துத் திறக்க வேண்டும். மூடியின் அடியில் நீர் முத்துக் கோத்திருந்தால் போனவன் நலமாக இருக்கிறான். கணவன் ரியோஹெய் போனதிலிருந்து மூடி நனையாத நாளே இல்லை. உறவும் போலீசும் அலுவலகத்து ஆட்களும் சேர்ந்து அவனைச் செத்தவன் என்றார்கள். ஒரு மனிதனைச் சாகடிப்பதில் அவர்களுக்கு அத்தனை அவசரம். மூடி இல்லை என்றது. ஷிஹோ மூடியை நம்பினாள்.

மறுநாளும் மூடி காய்ந்தே இருந்தது. அதற்கு மறுநாளும். அன்றிரவு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"மாகி, வண்டியை எடுத்துட்டு வா. என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போ."

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. இலையுதிர்ந்த மரங்கள் இருபுறமும் குச்சி குச்சியாக நின்றன. மாகி சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் பேசினாள்.

"அம்மா கோயில்ல சொல்லி வச்சிருக்காங்க அண்ணி. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அண்ணனுக்குக் காரியம் பண்ணத்தான்."

"உடம்பைக் காட்டு. சொல்றேன்."

"அந்த ஏரி குடுக்காது அண்ணி. தண்ணி அவ்வளவு ஜில்லு. உள்ள போனது மேல வராதுன்னு போட்காரங்களே சொன்னாங்கல்ல?"

"அப்ப செத்துட்டாருன்னு மட்டும் யாரு மேல வந்து சொன்னா?"

மாகி பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். இரண்டையும் வண்டியை ஓட்டிக்கொண்டே செய்தாள்.

ஏரிக்கரை ஊர் பருவம் முடிந்து சுருண்டு கிடந்தது. நினைவுப்பொருள் கடைகளின் ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன. அன்னப் படகுகளைக் கரையோரம் சங்கிலியால் பிணைத்துத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். வெள்ளைக் கழுத்துகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, எல்லாம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தன. மலையின் நிழல் நடுப்பகல் தாண்டியதுமே தண்ணீர்மேல் இறங்கிவிடும். மாலை என்று ஒன்று அங்கே கிடையாது. வெளிச்சம் இருக்கும், பிறகு இருக்காது.

அதே விடுதி. அதே மாடி அறை. போன ஆண்டு கல்யாண நாளுக்காக அவளும் கணவனும் இங்கேதான் வந்தார்கள். விடியலில் ரியோஹெய் அவள் காதருகே குனிந்து, "பொடிமீன் பிடிச்சிட்டு வரேன், சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் படகில் போனான். படகு மட்டும் வந்தது.

வேலைக்காரப் பெண்மணி மூன்று தட்டுகளைக் கொண்டுவந்தாள். ஷிஹோ போனிலேயே சொல்லியிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவதை ஏரிப் பக்கம் போட்டிருந்த உட்காரும் மெத்தையின் முன் வைத்து, சோற்றுக் கிண்ணத்தை மூடி, தரையில் கைவைத்து வணங்கி, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள். தட்டுகளில் ஏரிப் பொடிமீன் பொன்னிறமாகப் பொரிந்து கிடந்தது. ஷிஹோ ஒன்றைச் சாப்பாட்டுக் குச்சியால் எடுத்தாள்.

"அந்த மீனைத் திங்காதீங்க அண்ணி."

"ஏன்?"

மாகி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். "அண்ணன் கிடக்குற தண்ணியில வளர்ந்தது." ஷிஹோவுக்குப் புரியச் சற்று நேரமானது. மீனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

பிறகு மூடியைத் திறந்தாள். அடியில் முத்து முத்தாக இல்லை. தண்ணீர் கொட்டியது. மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது.

"பாத்தியா! பாத்தியாடி! எங்கயோ பக்கத்துல இருக்காரு. உசுரோட இருக்காரு!"

மாகி கைநீட்டி மூடியைத் தொட்டாள். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, கொதிக்கிற சோத்து மேல இருந்த மூடி. ஏன் பனிக்கட்டி மாதிரி இருக்கு?"

மூடியின் விளிம்பில் தலைமுடிபோல மெல்லிய பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. சேறும் துருவும் கலந்த ஒரு வாடை, வெகுநாள் திறக்காத தொட்டியின் வாடை, சோற்று மணத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"இது ஏரித் தண்ணி" என்றாள் மாகி. அவள் குரல் இறங்கிவிட்டது. "போதும் அண்ணி. பயணம் போனவனுக்குத்தான் மூடி வைப்பாங்க. அண்ணனுக்கு வைக்க வேண்டியது இது." தட்டிலிருந்த குச்சிகளை எடுத்துச் சோற்றின் நடுவில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினாள்.

அது செத்தவனுக்கு வைக்கும் படையல். அப்படி ஒரு கிண்ணம் வைத்துவிட்டால் அவனுக்கு இந்த வீட்டுச் சாப்பாடு முடிந்தது, அவன் போகலாம்.

ஷிஹோ அறைந்தாள். அவளே எதிர்பார்க்காத வேகத்தில்.

"என் புருஷனைச் சாகடிக்க நீ யாருடி?"

மாகி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கும் அண்ணன்தான். துக்கத்தை நீங்க ஒருத்தரே குத்தகைக்கு எடுத்த மாதிரி பேசாதீங்க." கதவு இழுபட்டது. படிகளில் அவள் காலடி இறங்கிப் போனது.

ஷிஹோ குச்சிகளைப் பிடுங்கித் துடைத்துக் குறுக்கே வைத்தாள். சோற்றிலிருந்த இரண்டு குழிகளையும் கரண்டியின் அடியால் தடவி மூடினாள். கிண்ணத்தையும் மூடினாள். முழங்காலிட்டுக் காத்திருந்தாள்.

கீழே அடுப்படியில் யாரோ பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்று, வெந்நீர்க் குழாய் சுவருக்குள் ஒருமுறை முட்டி அடங்கி, விடுதி முழுவதும் காது கொடுத்துக் கேட்பதுபோல ஆனபோதுதான், ஏரிக்கரைச் சரளைக் கல்லில் யாரோ நடந்து வருவது அவளுக்குக் கேட்டது. அவசரமில்லாத நடை. ஓரடி வைத்து, நின்று, கனமான எதையோ இழுத்துச் சேர்த்துக்கொண்டு மறு அடி வைக்கிற நடை. அது வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. படியேறியது. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் சொட்டி அடுத்த படிக்கு இறங்குகிற ஓசை, அடி வைத்த ஓசை தீர்ந்த பிறகும் கேட்டது.

"மாகி?"

நடைக்கூடத்து விளக்கு கதவில் ஒட்டிய காகிதத்தின்மேல் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. காகிதத்தின் அடிவிளிம்பு கருத்தது. ஈரம். கீழிருந்து மேலாக ஏறியது. ஒரு முழம். இடுப்புயரம். ஓர் ஆளின் உயரம்.

கதவு இழுபட்டது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு அவன் யாரோ இல்லை. அதே நீலக் குளிர்ச்சட்டை. காது மடலின் அதே மச்சம். முகத்தில் மீதி அடையாளங்கள் அவ்வளவாக இல்லை.

அவன் மெத்தையில் உட்கார்ந்தான். தரைப்பாய் தண்ணீரைக் குடித்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள் ஷிஹோ. ஓர் ஆண்டு சேர்த்து வைத்திருந்த அழுகை அந்த ஒரு சொல்லில் உடைந்தது. "சாப்பாட்டுக்கு வந்துடுவேன்னு சொன்னீங்களே. சாப்பிடுங்க."

அவன் மூடியை எடுத்தான். ஊதிப் பிளந்த விரல்களில் குச்சிகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். சோற்றில் வாய் வைக்கவில்லை. முதல் குச்சியை நடுவில் குத்தி நிறுத்தினான். பக்கத்தில் இரண்டாவது.

பிறகு அவளைப் பார்த்தான்.

ஷிஹோ குச்சிகளைப் பிடுங்கிக் குறுக்கே வைத்தாள்.

அவன் மறுபடி எடுத்தான். மறுபடி நிறுத்தினான். மெதுவாக. பொறுமையாக. குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல.

அவள் பிடுங்கினாள்.

அவன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தான். சொல் வரவில்லை, தண்ணீர் வந்தது. கருத்த தண்ணீர். நிற்காமல். அவன் உள்ளங்கால்களைப் பார்த்தாள். தோல் இல்லை. சரளைக்கல், தார்ச்சாலை, மலைப்பாதை. அப்போது அவளுக்கு விளங்கியது. வீடு அத்தனை தொலைவு. அவள் தட்டு வைத்த ஒவ்வொரு மாலையும் அவன் எழுந்திருக்கிறான். நடந்திருக்கிறான். சாப்பிட முடியாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். மூடி காய்ந்திருந்த நாட்களில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. கீழே, சேற்றில், ஒருவழியாகத் தூங்கத் தொடங்கியிருந்தான்.

அவள் எழுப்ப வந்துவிட்டாள்.

எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன? குச்சியை நட்டால் அவன் போய்விடுவான். இதோ இருக்கிறான். இந்தக் கன்னம், இந்த மச்சம்.

"ஒரு வாய்" என்றாள். "எனக்காக."

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம்.

அவள் அவன் தாடையைப் பிடித்தாள். ஈரக் களிமண் போல விரல் உள்ளே இறங்கியது. சோற்றைத் திணித்தாள். தண்ணீரோடு வெளியே வந்தது. தரையில் விழுந்த பருக்கைகளைப் பொறுக்கினாள். மறுபடி திணித்தாள்.

"அண்ணி..."

கதவோரம் மாகி. நனைந்த பாயில் மண்டியிட்டாள். "அண்ணா" என்றாள். பிறகு, "விட்டுடுங்க அண்ணி. காலைப் பிடிக்கிறேன். அனுப்பிடுங்க."

ஷிஹோ திரும்பவில்லை.

"சோறு ஆறிப்போச்சு. கீழ சொல்லி இன்னொரு கிண்ணம் சூடா கொண்டு வா."

அவன் இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கினான். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்கும் முன் கும்பிடுவார்களே, அப்படி நெஞ்சுக்கு நேராகச் சேர்த்து, அவள் முன் தலை குனிந்தான். குனிந்தபடியே இருந்தான்.

ஷிஹோ அந்தக் கைகளைப் பிரித்து, நடுவில் கிண்ணத்தை வைத்தாள்.