பதில் இழுப்பு

ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டினால் என் இடுப்பு என்னுடையதாக இருக்காது. மூன்றாவது மணியிலேயே வலது கால் மரத்துவிட்டது. பிரேக்கை மிதிக்கிறேனா, கழன்று கிடந்த செருப்பை மிதிக்கிறேனா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இப்படியே குனிஞ்சு குனிஞ்சு ஓட்டுங்க. வீட்டைக் காவல் காக்க நாம போறதுக்குப் பதிலா, நம்மளைத் தூக்க நாலு பேர் வரணும்," என்றாள் என் மனைவி.

"பேசாம வா."

"வீடு கட்டி ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு வாய் தண்ணிக்குக் கூப்பிடல. இப்ப மூணு நாள் வந்து இருடான்னதும் விழுந்தடிச்சு ஓடறீங்க."

"என் அண்ணன்டி அவரு."

"அண்ணன்தான். எனக்கும் ஒருத்தன் இருந்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் அண்ணனை நாங்கள் நெட்டையன் என்போம். என் அண்ணன், நான், நெட்டையன், மூன்று பேரும் ஊர் ஊராகப் போய்க் கிணறு வெட்டினோம். அண்ணன் வேலை பிடித்து வருவார். நெட்டையன் உள்ளே இறங்குவான். நான் மேலே கயிறு பிடிப்பேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அண்ணன் தனக்கென்று வாங்கிய மனையில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்தபோது நெட்டையன் இல்லை. எவளோ ஒருத்தியோடு ஓடிவிட்டான், போகிற போக்கில் நம் கயிற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றார் அண்ணன். மறுவருடம் நான் நெட்டையனின் தங்கையைக் கட்டிக்கொண்டேன். கூடப் பிறந்தவளின் கல்யாணத்துக்கே வராதவன் முகம் எனக்கெதற்கு என்று, அவனுடைய ஒரே போட்டோவை அவள் அடுப்பில் போட்டாள்.

தார் ரோடு முடிந்து சரளைக்கல் பாதையில் இறங்கி, வயல்களுக்கு நடுவே அதே மனையில் தனியாக நின்ற அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டு. அண்ணன் கிளம்பத் தயாராக நின்றார். கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நகரத்தில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம்.

சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்தவர் உடனே கையை விடவில்லை. திருப்பிப் பார்த்தார். கயிறு பிடித்துத் தடித்த காய்ப்புகளைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"இன்னும் போகலியேடா இது."

"கூடவேதான் போகும்," என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என் மனைவியின் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

காரில் ஏறப்போன அண்ணி திரும்பி வந்தாள். "மத்தியானத்துல ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வச்சுக்கம்மா."

"ஏன்க்கா?"

"சும்மாதான். தனி வீடு பாரு."

கார் போன புழுதி அடங்குவதற்குள் நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். பளபளவென்று தரை. கூடத்தில் ஒரு ரேடியோ, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, பின்வாசல் கதவருகே இன்னொன்று.

"வீடா இது, ரேடியோ ரிப்பேர் கடையா?" என்றாள் அவள்.

கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டோம். அண்ணி சொன்னபடி அவள் கூடத்து ரேடியோவைப் போட்டாள். நான் வெறுந்தரையில் மல்லாந்தேன். ஒவ்வொரு தாளமும் நேராக என் முதுகெலும்பில் இறங்கியது.

"அதை அணைச்சுத் தொலை. செத்த நேரம் கண்ணை மூடறேன்."

அணைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

வெளியே நல்ல வெயில். காற்று நின்றிருந்தது. காக்கைச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஈரக் களிமண். மழை பெய்தால் கிளம்புமே, அந்த மண் வாசனை இல்லை இது. முப்பது அடிக்குக் கீழே, வெயிலே பார்க்காத நீலக் களிமண்ணின் வாசனை. அது மேலே வர வேண்டுமென்றால் யாராவது வெட்டிக் கூடையில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

பிறகு ஒரு சத்தம்.

எண்ணெய் காணாத கப்பி, ஒரு விரற்கடை சுழன்று நிற்கிற சத்தம்.

எழுந்து போனேன். பின்வாசலை ஒட்டி ஒரு சாமான் அறை. சாவிக்கொத்தில் இருந்த கடைசிச் சாவி அதற்குப் பொருந்தியது. உள்ளே சாமான் எதுவும் இல்லை. உத்தரத்தில் ஓர் இரும்புக் கப்பி. அதன்மேல் போட்டிருந்த கயிறு நேராக இறங்கித் தரைக்குள் போனது. ஓட்டை வழியாக அல்ல. சிமெண்டுக்குள்ளேயே புதைந்து போனது. சுற்றிலும் தரை ஒரே நிறமாக இல்லை. வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆறேழு தடவை பூசியிருந்தார்கள்.

அந்தக் கயிறு எனக்குத் தெரியும். மேல்நுனியில் சிவப்புத் துணி வைத்து முடிச்சுப் போட்டவன் நான்தான். நெட்டையன் திருடிக்கொண்டு போனதாக அண்ணன் சொன்ன கயிறு.

மூலையில் ஒரு குவியல் கிடந்தது. அரிவாளால் வெட்டிய கயிற்றுத் துண்டுகள். முழ நீளம், இரண்டு முழ நீளம். ஒவ்வொன்றையும் புரட்டினேன்.

ஒவ்வொன்றின் நுனியிலும் என் சிவப்பு முடிச்சு இருந்தது.

ஒரு கயிற்றுக்கு மேல்நுனி ஒன்றுதான்.

கிணற்று வேலையில் கயிறுதான் பேச்சு. கீழே இருப்பவன் ஒரு தடவை இழுத்தால் கூடையைத் தூக்கு. இரண்டு தடவை இழுத்தால் நிறுத்து. மூன்று தடவை இழுத்தால் என்னைத் தூக்கு. அந்த மூன்றுக்கு மட்டும் மேலே இருப்பவன் ஒரு தடவை பதில் இழுக்க வேண்டும். பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். பதில் இழுத்தவன், கீழே இருப்பவன் தலை வெளியே தெரிகிறவரை கயிற்றை விடக்கூடாது. கை தோலுரிந்தாலும் விடக்கூடாது.

கயிறு ஆடியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

புத்தி வேண்டாம் என்று சொல்வதற்குள் கை போய்விட்டது. இருபது வருடப் பழக்கம். பிடித்து ஒரு தடவை பதில் இழுத்தேன்.

எடை ஏறியது.

சிமெண்டுக்குள் புதைந்த கயிற்றில், ஓர் ஆளின் எடை. என் காலடி நழுவியது. சுவரில் காலை முட்டுக்கொடுத்தேன். எத்தனையோ பேரை ஏற்றியும் இறக்கியும் இருக்கிறேன். அவரவர் எடை கைக்குத் தெரியும். இடது காலைச் சுவரில் ஊன்றி, உடம்பை ஒருக்களித்துத் தொங்குகிறவன் ஒருவன்தான்.

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க?" ஈரத் தலையோடு அவள் வாசலில் நின்றாள்.

"அண்ணனுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

நாலாவது மணியில் எடுத்தார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"பதில் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

ஒரு பெருமூச்சு கேட்டது. பாரத்தை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

"நானும் குடுத்துப் பாத்தேன்டா. எத்தனையோ தடவ. என் கையை அவன் நம்பலை. உன் கையைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தான்."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"மண்ணு சரிஞ்சுது. மூணு தடவ இழுத்தான். பதில் குடுத்தேன், சத்தியமா குடுத்தேன். கயிறு என்னையும் சேத்து உள்ள இழுத்துது. விட்டுட்டேன்."

என் மனைவி போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். குரல் உயரவே இல்லை. "மாமா. நீங்க விட்டப்போ எங்கண்ணன் உயிரோட இருந்தானா?"





"இருட்டற வரைக்கும் கயிறு ஆடிக்கிட்டு இருந்துச்சும்மா."

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருந்தா கேஸாயிருக்கும்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். மறுபடி போட்டபோது போன் அணைந்திருந்தது.

அவள் வந்து எனக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தோம். ஓர் அங்குலம் வரவில்லை. இடுப்பு இரண்டாகப் பிளப்பது போல இருந்தது. விடவில்லை. வெயில் சுவரேறி மங்கி, அறைக்குள் இருட்டு வந்தபோது எடை சட்டென்று போய்விட்டது. என் உள்ளங்கையில் காய்ப்புகளோடு தோலும் போயிருந்தது.

மறுநாள் போலீஸும் மண் தோண்டும் எந்திரமும் வந்தன. ஏழு அடுக்கு சிமெண்டை உடைத்து, கொட்டி மூடிய மணலை வாரி, நாற்பத்திரண்டு அடி போனார்கள். அடியில் நீலக் களிமண். கயிற்றின் கீழ்நுனியில் ஓர் ஆளின் இடுப்பளவுக்கு வளையம், முடிச்சு அவிழாமல் இறுகிக் கிடந்தது. வளையத்துக்குள் யாரும் இல்லை. எலும்பில்லை, துணியில்லை, ஒரு பித்தான்கூட இல்லை. போனில் அப்படியெல்லாம் பேசவே இல்லை, ஓடிப்போனவன் ஓடிப்போனவன்தான் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். விசாரணை முடிந்தது.

ரேடியோக்களைக் கொடுத்துவிட்டாராம். பேரப்பிள்ளையை மார்மேல் போட்டுக்கொண்டு மத்தியானத்தில் நன்றாகத் தூங்குகிறாராம். அண்ணிதான் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்த வீட்டிலிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிறது எங்கள் வீடு. இங்கே கயிறு கிடையாது, கப்பி கிடையாது. இரண்டாவது மாடி. தரைக்குக் கீழே இன்னொரு குடும்பம் இருக்கிறது.

மத்தியானம் மூன்று மணிக்கு என் வலது உள்ளங்கை கீழ்நோக்கி இழுபடும்.

மூன்று தடவை.

விரல்களை மூடி ஒரு தடவை பதில் இழுப்பேன். எடை ஏறும். நாற்காலி முனகும். தோளிலிருந்து இடுப்புவரை அது இறங்கி, இருட்டுகிறவரை அப்படியே நிற்கும். முதல் வாரம் அவள் என் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நேற்றுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் மூடிய கையின்மேல் தன் கையை வைத்தாள். அவள் தோள் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

"விட்டுடாதீங்க," என்றாள்.

இருட்டியபின் கையை விரித்துக் காட்டினாள். அவள் நகங்களுக்குள் நீலக் களிமண் இருந்தது.

நெட்டையனை மேலே ஏற்றவில்லை. கயிற்றை விட்டவர் என் அண்ணன், பதில் கொடுத்தவன் நான். கீழே இன்னும் ஓர் ஆள் பாக்கி.