எரிச்சல் நின்ற கால்

ஒற்றைச் செருப்போடுதான் நடந்து வந்திருக்கிறோம் என்பது ஒடெராவுக்குத் தெரியவே இல்லை. வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து அறை அஜ்வாங் அம்மாதான் கண்டுபிடித்தாள்.

"என்ன வாட்ச்மேனு, ராத்திரியெல்லாம் ஊரான் கேட்டைக் காத்துட்டு உன் செருப்பைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கே?"

குனிந்து பார்த்தான். வலது கால் வெறுங்கால். ஏரிக்கரை ஊரான கிசுமுவின் அந்தச் சந்து முழுக்க ஜல்லியும் உடைந்த பாட்டிலும்தான். ஆனால் எதுவும் தைத்ததாக நினைவில்லை. எரிச்சல் தீர்ந்து குணமான காலை எது என்ன செய்துவிடும் என்று முறைத்துக்கொண்டே உள்ளே போனான். அவன் பெண்டாட்டி அகேயோ விற்பனைக்கு வாங்கிப் போட்டிருந்த மூட்டையிலிருந்து ஒமேனா என்ற பொடிமீன் கருவாடு தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. அதன் மேலேயே மிதித்துப் போய்க் கட்டிலில் விழுந்தான்.

இரண்டு வருடமாக அந்தக் கால்கள் அவனைப் படுத்தாத பாடில்லை. உடம்பில் சர்க்கரை ஏறியதிலிருந்து, தணலை மிதித்தது போலப் பாதம் இரண்டும் எரியும். வாளித் தண்ணீரில் காலை விட்டபடியே தூங்கியிருக்கிறான். ஈஸ்டர் கழிந்த ஒரு வாரத்தில் எரிச்சல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டான். ஆட்டுக்கறி எடுத்து வந்து கொண்டாடினான்.

இதைச் சொன்னபோது ஆஸ்பத்திரி நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவனைக் கண்ணை மூடச் சொன்னாள். நைலான் நூலால் பாதத்தைத் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்கள் என்றாள். அவன் வெகுநேரம் காத்திருந்தான்.

"எப்பம்மா தொடப்போறே?"

"தொட்டு முடிச்சாச்சுங்கய்யா." அவள் குரல் இறங்கியிருந்தது. "எரிச்சல் நின்னது குணம் இல்ல. சேதி சொல்ற நரம்பு செத்துப்போச்சு. இனிமே ஆணி குத்தினாலும் கால் உங்ககிட்டச் சொல்லாது. தினமும் உள்ளங்காலைக் கண்ணால பாருங்க. புண்ணு வந்து கவனிக்காம விட்டா, காலையே எடுக்க வேண்டி வரும்."

"வலிச்சாலும் நோயிங்கிறீங்க, வலி போனாலும் நோயிங்கிறீங்க. என் காலை வெட்டலேன்னா உங்களுக்குச் சோறு எறங்காதா?"

அவன் அண்ணனை அப்படித்தான் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். அடுத்த மழை வருவதற்குள் புதைத்தும் விட்டார்கள். நர்ஸிடம் கத்திவிட்டு வந்த நாளிலிருந்து ஒடெரா தன் உள்ளங்காலைப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன. பார்க்காத காலில் புண் கிடையாது.

நண்பகலில் விழித்தபோது தரையில் தடங்கள் தெரிந்தன. காய்ந்து பழுப்பேறிய கால் தடங்கள், கதவிலிருந்து கட்டில் வரைக்கும்.

கதவைத் திறந்து கத்தினான். "எவன் என் ரூமுக்குள்ள வந்தது?"

அஜ்வாங் அம்மா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கேலி மெல்லப் போனது. "எல்லாம் வலது காலாவே இருக்கே. வந்த தடம் இருக்கு, திரும்பிப் போன தடத்தைக் காணோம். வாட்ச்மேனு, உன் காலைக் கொஞ்சம் காட்டு."

"உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ."

கதவை அறைந்து சாத்தினான். சாக்குத் துணியால் தரையைத் துடைத்தான். துடைக்கும்போதும் கண்ணைக் காலுக்குக் கொண்டுபோகவில்லை. கட்டிலில் ஏறி முழங்கால் வரை போர்வையை இழுத்து மூடினான்.

ஏரிக்கு அக்கரையில் மாமன் சாவுக்குப் போயிருந்த அகேயோ போனில் வந்தாள்.

"மூட்டைய எலி ஓட்டை போட்டிருக்கும். உத்தரத்துல கட்டித் தொங்கவிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உனக்கு மீனு கவலை."

"காலு எப்படி இருக்கு?"

"என் காலு எனக்குத் தெரியும். வை போனை."

ஸ்டூலில் ஏறி, மூட்டையைக் கயிற்றால் உத்தரத்தில் கட்டினான். ஒரு எலியும் எட்ட முடியாத உயரம். "இனிமே பட்டினி கெடந்து சாவுங்க," என்று மூலையைப் பார்த்துச் சொன்னான். பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் அட்டை அடித்திருந்தான். மழை இருட்டிக்கொண்டு வந்து தகரக் கூரையில் கொட்டியது. மறுபடி போர்வைக்குள் காலை நீட்டி, அந்த இரைச்சலிலேயே தூங்கிப்போனான்.

விழித்தபோது மழை ஓய்ந்திருந்தது. கூரையிலிருந்து எங்கோ சொட்டியது. கருவாட்டு நாற்றத்துக்கு அடியில், சாயங்காலச் சந்தையின் கறிக்கடை நாற்றம்.

கறுக். கறுக்.

மேலே பார்த்தான். மூட்டை ஆடாமல் தொங்கியது.

கறுக்.

மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை எடுத்து மூலைக்கு எறிந்தான். சத்தம் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். திரும்பத் தொடங்கியது. இப்போது ஈரமாக. நக்குவது போல.

மூலையில் இல்லை. சுவருக்குப் பின்னாலும் இல்லை.

இடுப்புக்கடியில் கட்டில் பலகை லேசாக அதிர்ந்தது. சத்தம் வரும்போதெல்லாம் அதிர்ந்தது.

போர்வையின் கடைசியில் ஒரு மேடு. அசைந்தது.

வேண்டாம் என்றது மனசு. காவலுக்குக் கொண்டுபோகும் டார்ச்சைக் கை தானாக எடுத்தது. போர்வையை விலக்கினான்.

பெரிய எலி. ஓடவில்லை. வெளிச்சத்தில் தலையை நிமிர்த்தி அவனை ஒரு தடவை பார்த்தது. மீசை நனைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு, சின்னவை. பெருவிரல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

எரியட்டும் கடவுளே என்று கெஞ்சினான். பழைய நெருப்பு. ஒரு பொறியாவது.

எரியவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

எலி தலையைக் குனிந்தது.

கறுக்.