பின்சீட்டின் இடது பக்கம்

கிதியோன் மல்காஜ்கிரி போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்ற லக்ஷ்மிநாராயணன் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையின் பூட்டைத் திறந்துவிட்டு, தான் மட்டும் வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே கோணிகளின் அடியில் முப்பத்தெட்டாம் வருடத்து மோரிஸ் கார் ஒன்று நின்றது. டயர்கள் காற்றில்லாமல் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. எலிப்புழுக்கை வாசனை வந்தது. வேறு வாசனை எதுவும் இல்லை.

"அண்ணாவோட வண்டி. அவர் போய் ஆறு வருஷமாச்சு," என்றார் லக்ஷ்மிநாராயணன். "எடுத்துண்டு போங்கோ. இரும்பு விலை கொடுத்தாப் போதும்."

அது 1974. கிதியோனுக்கு நாற்பத்தொன்பது வயது. மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கடைந்து வரும் உருளைகளை அளந்து, நூலிழை பிசகினாலும் ஒதுக்கி வைப்பவன். அவன் மனைவி ஜெயசுந்தரி போன ஆகஸ்டில் இறந்துபோனாள். கல்லறைத் தோட்டத்திலும் அவன் அழவில்லை, பிறகும் அழவில்லை. அது தைரியம் அல்ல. வரவில்லை, அவ்வளவுதான். சோறும் மோரும் ஒரே மாதிரி இருந்தன. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து சாப்பாடு கொண்டுவரும் அக்கா மெட்டில்டா ஏதாவது பேசுவாள். அவன் தலையை ஆட்டுவான். கைக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது என்று பிரிவில் யாரோ சொன்னார்கள். அதனால்தான் கார்.

லாரியில் கயிறு கட்டி இழுத்து ஹப்சிகுடாவிலிருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தான். தினமும் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வந்ததும் முன்வாசல் ஆஸ்பெஸ்டாஸ் நிழலில் வேலை தொடங்கும். ராணிகஞ்ச் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஜீப் டைனமோவும், டிராக்டர் முகவிளக்கும், ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய இண்டிகேட்டர்களும் வாங்கினான். அழுகிப்போன சீட்டைப் பிரித்துத் தேங்காய் நார் அடைத்து, பஸ் சீட்டு ரெக்ஸின் போட்டுத் தைத்தான். துருவைத் தேய்த்து, பட்டி தடவி, கொசு மருந்து அடிக்கிற பம்பினாலேயே கரும்பச்சை பெயிண்ட் அடித்தான்.

"என்னல இது, வாசல்ல இரும்புக்கடை?" என்றாள் மெட்டில்டா. ஆனாலும் தம்பி கையில் கிரீஸ் இருப்பதைப் பார்த்து அவளுக்கு நிம்மதி.

கார் மட்டும் நேராக நிற்கவில்லை. பின்பக்கம், இடதுபுறம், ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது.

ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்திருக்கும் என்று நினைத்து மாற்றினான். தாழ்ந்தே நின்றது. வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிப் பார்த்தான். அப்போதும் இடதுதான் தாழ்ந்தது. வண்டியின் அடிச்சட்டத்தை அளந்தான். வளைவில்லை. தரையில் ரசமட்டம் வைத்தான். தரையிலும் குறையில்லை.

தெருமுனை அரிசிக் கடையில் எடைக்கற்களை இரவல் வாங்கி வந்து, பின்சீட்டின் வலது ஓரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினான். இருபது. இன்னொரு இருபது. பத்து. ஐந்து. ஒன்று.

ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்து நின்றது.

ஐம்பத்தாறு கிலோ.

இடது பக்கம் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அவனுக்குப் பயம் வரவில்லை. அதுவும் வராமல் போயிருந்தது. கற்களை இறக்கி வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். காலியான ரெக்ஸின். அதன் இடது பக்கத்தில் மட்டும் ஒரு பள்ளம்.

"ஜெயா?" என்றான்.

தேங்காய் நார் மெல்ல நெரிந்தது, யாரோ திரும்பி உட்கார்வதைப் போல.

மருத்துவமனை அட்டையில் ஜெயசுந்தரியின் கடைசி எடை முப்பத்தெட்டு கிலோ. அந்த எண் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. தொழிற்சாலையில் அரை நூல் பிசகினால் ஒதுக்குகிறவன், பதினெட்டு கிலோ பிசகை அன்று ஏற்றுக்கொண்டான். உடம்பு தேறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

அதற்குப் பிறகு வேலை மெதுவாக நடந்தது, பேச்சு அதிகமானது. ஸ்பானரைப் பிடித்தபடியே பழைய கதைகளைச் சொன்னான். கல்யாணமான புதிதில் அவள் தலைக்கு வேப்பெண்ணெய் தேய்த்ததும், நாற்றம் தாங்காமல் இவன் ஜன்னலைத் திறந்து வைத்ததும். மறுநாள் கதவைத் திறந்தபோது வண்டிக்குள் வேப்பெண்ணெய் வாசனை. அரிசி களையும்போது அவள் மூக்காலேயே ராகம் இழுப்பாள் என்று சொன்னான். அடுத்த நாள் சாயங்காலம், வண்டியின் அடியில் படுத்துக் கிடந்தபோது, தலைக்கு மேலே யாரோ மூக்கால் இழுத்தார்கள். ராகம் சரியாக இல்லை. தேடித் தேடிப் பிடிப்பதைப் போல இருந்தது.

அவன் சொல்லாத எதையும் அது செய்ததில்லை.

அதையும் அவன் கவனித்தான். கவனித்து, அப்படியே விட்டுவிட்டான்.

மே மாதத்து வெள்ளிக்கிழமை அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்தது. கிதியோன் பின்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"வெயில்ல எதுக்கு ஜெயா இதுக்குள்ள கெடக்க? உள்ள வா. நம்ம வீடுதான," என்றான்.

காற்று இல்லை. கதவு அவன் கையிலேயே கொஞ்சம் அகன்றது. வேப்பெண்ணெய் வாசனை அவன் தோளை உரசிக்கொண்டு வீட்டுக்குள் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் லக்ஷ்மிநாராயணன் வந்தார். டிரங்குப் பெட்டியில் வண்டியின் பதிவுப் புத்தகம் கிடைத்ததாம். கேட்டுக்கு வெளியே நின்றே நீட்டினார். பச்சை பளபளக்கும் காரை அவர் பாராட்டவில்லை.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நினைச்சுக்கக் கூடாது," என்றார் தணிந்த குரலில். "அதுல உங்களுக்கு யாரு இருக்கா?"

கிதியோன் பதிவுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டான். பிறகு, "என் சம்சாரம்," என்றான்.

லக்ஷ்மிநாராயணன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணா ராமசுவாமிக்கு அது எங்க அம்மா. மன்னிக்கு, சின்ன வயசுலயே போயிட்ட அவ தம்பி. ரெண்டு பேரும் அந்த ஒரே இடத்தைப் பார்த்துத்தான் பேசுவா. ஒருத்தருக்கொருத்தர் சண்டை கூட. அண்ணா சொல்றதைக் கேட்டு, அம்மா அப்படிப் பேசவே மாட்டாளேன்னு நான் சொன்னேன். கேக்கலை. கடைசியில ரெண்டு பேரும் சாப்பாடு தண்ணி இல்லாம அதுக்குள்ளயே உக்காந்திருந்தா. ஒரே வாரத்துல போயிட்டா."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வரலை. அதுல உக்கார வைக்க எனக்கு யாரும் இல்லையோ என்னவோ." அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கணும். வண்டி போனாப் போதும்னு இருந்துட்டேன். அது வண்டிக்குள்ளயே இருக்கறவரைக்கும் வண்டியோட தொலைச்சுடலாம். கொண்டுபோய் எங்கயாவது விட்டுடுங்கோ."

அவர் போனதும் கிதியோன் ரசமட்டத்தை எடுத்து வந்து பம்பரின் மேல் வைத்தான்.

குமிழி நடுவில் நின்றது.

கார் நேராக நின்றது.

திரும்பி வீட்டைப் பார்த்தான். வாசல் திறந்திருந்தது. உள்ளே சமையலறையில் யாரோ மூக்கால் ராகம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அது ஓரளவு சரியாகவே வந்தது. ஓடிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. எங்கே என்று தோன்றவில்லை. கை கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் ஞாயிறு. ஒரு மணி வெயிலில் மெட்டில்டா டிபன் கேரியரோடு வந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு. நடந்ததை அவளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வதென்று கிதியோன் யோசித்துக்கொண்டே இருந்தான். அதற்குள் அவள் சோறு பரிமாறி, கண்களை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டாள். நீளமான ஜெபம். தம்பியின் மனதை ஆற்ற வேண்டும் என்று கேட்டாள்.

"ஆமென்," என்றாள் மெட்டில்டா.

"ஆமென்," என்றான் கிதியோன்.

"ஆமென்."

மூன்றாவது, படுக்கையறையிலிருந்து வந்தது.

ஆணுமில்லை, பெண்ணுமில்லை. அந்தச் சொல்லை முதல் முறையாக வாயில் போட்டுப் பார்க்கிற குரல். கிதியோனுக்கு அது யாருடைய குரலாகவும் கேட்கவில்லை.

மெட்டில்டா கண்களைத் திறந்தாள். ஐம்பத்தைந்து வயது முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகமாக மாறியிருந்தது.

"அம்மா குரல்லா அது," என்று கிசுகிசுத்தாள்.

அவன் மேஜைக்கு மேலே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "இல்லக்கா. பதில் சொல்லாத."

"அவ போயி எத்தன வருஷமாச்சு தெரியுமால," என்றாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறாமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கலாம். அவளை வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். நேரம் இருந்தது.

அவன் விரல்கள் தளர்ந்தன.

மெட்டில்டா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வாம்மா," என்றாள். "சோறு ஆறிப்போவுது."

படுக்கையறைத் திரைக்கு அப்பால், சிமெண்ட் தரையில், யாரோ வெறுங்காலை எடுத்து வைத்தார்கள்.