நட்டம் குறைந்த ஆள்

தூத்துக்குடி பங்கீட்டு மன்றத்தில் வியாழக்கிழமை என்றால் கல்யாண மண்டபத்துக் கூட்டம். தூக்குவாளியில் புளியோதரை, பிளாஸ்கில் காப்பி, மடியில் பச்சைப் பிள்ளை என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தங்கள் எண் வரக் காத்திருப்பார்கள். விசாரணைக்கு யாரும் காத்திருப்பதில்லை. அதைத் 'தீர்வி' என்ற இயந்திரம் பதினோரு நிமிடத்தில் முடித்துவிடும். கேமராப் படம், வண்டியின் நினைவகம், ரத்தச் சோதனை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, இத்தனை வருடம் என்று துப்பும். மனிதர்களுக்கு வேலை அதற்குப் பிறகுதான். துப்பிய வருடங்களை உறவினர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உழைக்கிற கைகளை உள்ளே பூட்டி வைத்தால் நாடு எப்படி முன்னேறும் என்று கேட்டு முப்பது வருடத்துக்கு முன்பு சட்டம் போட்டார்கள். ரத்த உறவு சம்மதித்தால் தண்டனையைப் பகிரலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் இழப்பெண் உண்டு. யார் உள்ளே போனால் நாட்டுக்கு நட்டம் குறைவோ, அவருக்குப் பங்கு அதிகம். கட்டாயம் எதுவும் இல்லை என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சிறையில் இன்றைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெண்கள். கொன்றவன் வேலைக்குப் போகிறான், பெற்றவள் கம்பி எண்ணுகிறாள். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

பவளக்கொடிக்கு இந்த மண்டபம் புதிதல்ல. பத்தொன்பது வயதில் அப்பாவின் அடிதடி வழக்கில் பதினான்கு மாதம் பங்கு வாங்கி, படிப்பைத் தொலைத்தவள். விட்டதைப் பிடிக்கப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. வரும் திங்கட்கிழமை அவள் துறைமுகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். வெளிக்கடலில் நிற்கும் கப்பல்களைக் கரைக்கு அழைத்துவரும் வழிகாட்டி வேலை.

இன்று தம்பி இசக்கிவேலின் முறை. குடித்துவிட்டு, காரின் தானோட்டியை அணைத்துவிட்டுத் தானே ஓட்டி, சைக்கிளில் போன உப்பளத் தொழிலாளி சூசையைக் கொன்றிருந்தான். சூசையின் மனைவி ஞானசீலி எதிர் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“மொத்தம் ஆறு வருசம்,” என்றார் பங்கீட்டு அலுவலர் ரீகன், திரையைப் பார்த்தபடி. “இசக்கிவேலுக்கு நாலு மாசம், வீட்டுக் காவல். தாயாருக்கு ரெண்டு வருசம். அக்காவுக்கு மூணு வருசம் எட்டு மாசம். எல்லாரும் ரேகை வைங்க.”

அம்மா பேச்சித்தாய் அதற்குள் முந்தானையில் கட்டைவிரலைத் துடைத்து வைத்துவிட்டாள்.

“எனக்கு ஏன் சார் இவ்வளவு?” என்று கேட்டாள் பவளக்கொடி.

“நீங்க இன்னைக்கு வேலையில இல்லேல்லா? இழப்பெண் பன்னெண்டுதான் காட்டுது. திங்கக்கிழம சேந்திருந்தா தொண்ணூறத் தாண்டிருக்கும், பங்கே வந்திருக்காது.” ரீகன் நல்ல மனிதர். இந்த மாதிரி நாற்காலிகளில் நல்ல மனிதர்களைத்தான் பார்த்து உட்கார வைக்கிறார்கள். “சரணடைய அடுத்த மாசம் வரைக்கும் நேரம் இருந்துச்சு. தம்பிதான் நேத்தே வந்துட்டாப்ல.”

பவளக்கொடி தம்பியைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். வேலை உத்தரவு வந்த அன்று அல்வா வாங்கி வந்து, அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தேதியைச் சொன்னவள் அவளேதான்.

“ஏம்மா, நீயும் சேந்துதான் நாள் குறிச்சியா?”

“கத்தாத, ஏட்டி. அவன் ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்,” என்றாள் அம்மா. “உனக்கென்ன, புருசனா பிள்ளையா? மூணு வருசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும். ஏற்கெனவே இருந்து பழகுனவதான நீ.”

பழகினவள்! பவளக்கொடிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. 'மறுப்பு' என்ற கட்டத்தில் விரலை வைத்து அழுத்தினாள். திரை கண் சிமிட்டியது. அவள் மறுத்த பங்கு அப்படியே அம்மாவின் பெயருக்குப் போயிற்று: ஐந்து வருடம் எட்டு மாதம். கட்டாயம் இல்லாத சட்டத்தின் சாமர்த்தியம் அது.

“பெத்தவள உள்ள அனுப்புதியே, நீ நல்லா இருப்பியா?”

“நான் அனுப்பலம்மா. அனுப்புதவன் அந்தா நிக்கான். நீயும் மாட்டேன்னு சொல்லு. அவனே போட்டும்.”

அம்மா மறுபடியும் விரலைத் துடைத்தாள். ரேகை பதிந்தது.

அடுத்தது வாக்குமூலம். சிறைக்குப் போகிறவர் குற்றத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். வீட்டுக் காவலுக்கு அந்தச் சடங்கு கிடையாது. வாழ்நாளில் சைக்கிள்கூட மிதித்தறியாத அறுபத்திரண்டு வயதுப் பேச்சித்தாய் மைக்கின் முன் குனிந்தாள்.

“குடிச்சிட்டு வண்டிய ஏத்தி ஒருத்தர கொன்னுட்டேன்.”

எதிர் வரிசையில் ஞானசீலி எழுந்து நின்றாள். “நீ கொல்லல தாயி. கொன்னவன் வாயில இருந்து ஒரு வார்த்த கேக்கத்தான் விடியமுன்ன வந்து கெடக்கேன்.”

அவளுக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் உத்தியோகம் இல்லை. பவளக்கொடி தம்பியின் முன் போய் நின்றாள்.

“சொல்லுல. நான்தான் கொன்னேன்னு அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“அதான் கேஸ் முடிஞ்சிட்டுல்லாக்கா,” என்றான் இசக்கிவேல்.

விட்டாள் ஓர் அறை. மண்டபமே திரும்பிப் பார்த்தது. தீர்வி நான்கு நொடி எடுத்துக்கொண்டது. மன்றத்தில் வன்முறை, இருபது நாள். எப்படியும் உள்ளே போகிறவளின் இழப்பெண் பூச்சியம் என்பதால், அந்த இருபது நாளும் பேச்சித்தாயின் பெயருக்கு நேராக வந்து நின்றது. அழுதுகொண்டிருந்த அம்மா, மகளைத் திட்டுவதை நிறுத்தாமலே விரலை நீட்டினாள். பவளக்கொடி அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

“வேண்டாம். இந்த இருவது நாளு முழுசும் எனக்கே போடுங்க சார்.”

“அவங்கதான் சம்மதிக்காங்கள்லா,” என்றார் ரீகன், குரலைத் தாழ்த்தி. “திங்கக்கிழம சேரலன்னா வேலை அடுத்த ஆளுக்குப் போயிரும். யோசிங்கம்மா.”

அவளுக்குத் தெரியும். தியாகம் செய்கிற நிறைவெல்லாம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருட உழைப்பு அந்த ஒரே அறையோடு போயிற்று. அம்மாவின் கையை விடாமல் மைக்கின் பக்கம் குனிந்தாள்.

“அடிச்சது நான்.”

ரீகன் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், பக்கத்து மேசைக்காரரை அழைத்துக் கேட்டார். குற்றம் செய்தவரே தண்டனை முழுவதையும் ஏற்றுக்கொள்வதற்கான கட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.