மெழுகு ஊற்றிய தட்டு

எங்கள் தீவின் தென்கரையில், பெல் ஒம்ப்ர் என்ற ஊரில் ரோஸின் வீட்டுக்கு நான் போனது 1934 ஜனவரியில், ஒரு மத்தியான வேளை. இங்கே அது கோடை, புயலுக்கு முந்தைய புழுக்கம். கரும்புத் தோகைகூட அசையவில்லை. எனக்குப் பழக்கமான அவள் கணவன் சின்னன் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவன் சேர்த்து வைத்த கிராமபோன் தட்டுகளை எடுத்துப் போகும்படி எனக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

தட்டு சேர்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்து மூன்றே மாதம். எந்தப் பழைய தட்டைக் கொடுத்தாலும் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன் என்று என் ஊரான சுயாக் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்த கத்துக்குட்டி நான். நடுவில் ஒட்டிய காகிதத்தைப் பார்க்க வேண்டும். அதன் ஓரத்தில் கீறிய எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கடைசிவரை கேட்க வேண்டும். அந்தக் காலத்துத் தட்டுகள் சீமையில் அச்சானவை. அங்கே இருப்பவனுக்குத் தமிழ் தெரியாது. எது யாருடையது என்று குழம்பாமலிருக்க, பாட்டு முடிந்ததும் பாடியவளே தன் பெயரைச் சொல்லிவிடுவாள்.

பெட்டியின் அடியில் ஒரு தட்டு கிடந்தது. காகிதத்தில் படமில்லை, பெயரில்லை. எண்ணும் இல்லை. பாட்டு முடிகிற இடத்தில் மெழுகை உருக்கி ஊற்றியிருந்தார்கள். ஈர மண் வாடை அடித்தது.

"அது வேணாம், முஸ்யே," என்று ரோஸ் தீவின் கிரியோல் பேச்சில் சொன்னாள். "மெழுகு ஊத்தினது அவர்தான். அதைக் கேட்ட நாள்லேர்ந்து அவருக்குப் பேச்சே வரல. பேசாமலே போய்ட்டார்."

"நீங்க கேக்கலையா?"

"கூடத்தான் இருந்தேன். கடைசியில ஒரு பொம்பள தமிழ்ல என்னமோ கேட்டா. எனக்குத் தமிழ் தெரியாது. அவர் பதில் சொன்னார்."

"உடைச்சுப் போட்டிருக்கலாமே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள அவர் இருக்காரே."

துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். அவள் காபி போட உள்ளே போனதும், அந்தத் தட்டை மற்ற தட்டுகளுக்கு நடுவே செருகிக்கொண்டேன். ஆம், திருடினேன்.

மறுநாள் காலை, வெந்நீரில் நனைத்த துணியால் மெழுகைத் துடைத்தெடுத்தேன். என் மனைவி கோவிந்தம்மா சமையலறையில் என்னைத் திட்டிக்கொண்டே கீரை ஆய்ந்தாள். நாள் முழுக்கத் திட்டுவாள். அது இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். ஒரு பெண் பாடினாள். தாலாட்டு மாதிரி இருந்தது, ஆனால் மூச்சு விடும் இடமே இல்லை. பாட்டு முடிந்தது. பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"யாரு கேக்குறது?" என்றாள்.

"நான்தான், சின்னன்."

அது சின்னனின் குரல்.

என் கை ஊசியை எடுக்க நீண்டது. அதற்குள் தட்டிலிருந்த பெண் மறுபடி கேட்டுவிட்டாள்.

"வேற யாரு?"

யாரோ வாசலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சமையலறையிலிருந்து கோவிந்தம்மா கத்தினாள்: "நான்தான், கோவிந்தம்மா! யாரு வந்திருக்கா?"

தட்டு நின்றது.

கோவிந்தம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். வாய் அசைந்தது.

சத்தம் வரவில்லை.

தட்டை உடைக்கச் சுத்தியலை எடுத்தேன். என்னால் முடியவில்லை. ரோஸ் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மறுபடி மெழுகை ஊற்றி, தகரப் பெட்டியில் பூட்டினேன். கிராமபோனை ஆற்றில் எறிந்தேன். டாக்டர், கோயில், நேர்த்திக்கடன், எதுவும் பலிக்கவில்லை. மூன்று வாரம் வீட்டில் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும்தான். அவள் ஒரே ஒரு தடவை திட்டினால் போதும் என்று ஏங்கினேன்.

நேற்றுப் பிற்பகல் அவள் என் எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

"என்னங்க, இருக்கீங்களா?"

அவள் குரல். பெட்டிக்குள்ளிருந்து.

"இருக்கேம்மா," என்றேன்.

இருபது வருஷப் பழக்கம். யோசிக்க நேரமேது?

கோவிந்தம்மா முறத்தைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

அதனால்தான் எழுதுகிறேன். இப்போதும் பெட்டிக்குள் அவள் என்னைத் திட்டுகிறாள், நான் பதில் சொல்கிறேன். நடுநடுவே இன்னொருத்தி குறுக்கே கேட்கிறாள்.

"வேற யாரு?"